சிதம்பரத்தில் ஒரு முதலுதவிப் பரீட்சை

நூர்முகம்மது பாய் வேண்டாமென்று வாயைத் திறந்து சொன்னதே இல்லை. அதுதான் சௌந்தரத்துக்குச் சங்கடமாக இருந்தது. அவள் எப்போது போனாலும் நாற்காலி போடச் சொல்வார். நோன்பு மாதமானாலும் அவளுக்கு மட்டும் டீ வரவழைப்பார். எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டுவிட்டுக் கடைசியில், "பாப்போம் டீச்சரம்மா" என்பார். அந்தப் 'பாப்போம்' பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து இழுத்துக்கொண்டே வந்து, இப்போது ஜனவரியில் நின்றது.

"சிதம்பரம் என்ன தூரமா பாய்? காலை வண்டியில போறோம். பரீட்சை முடிஞ்சதும் அடுத்த வண்டியில திரும்பிடுறோம். நோன்பு தொறக்கறதுக்குள்ள ரசியாவ உங்க வாசல்ல கொண்டாந்து விட்டுடுறேன். அது என் பொறுப்பு."

"பொறுப்புங்கிறது பெரிய வார்த்தை." பாய் தாடியைத் தடவினார். "எம் மச்சான் பினாங்குல கெடக்காரு. புள்ளைய எங்கிட்ட ஒப்படைச்சிருக்காரு. ஒண்ணுன்னா நான் அவருக்கு என்ன பதில் சொல்றது?"

உள்கதவின் திரை லேசாக ஆடியது. ரசியா அதற்குப் பின்னால்தான் நிற்கிறாள் என்று இரண்டு பேருக்கும் தெரியும். பாய் அந்தத் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சரி. அழைச்சிட்டுப் போங்க."

சௌந்தரம் தெருவுக்கு வந்த பிறகுதான் மூச்சை முழுசாக விட்டாள்.

அவள் கடலூர் ஓ.டி. என்கிற பழைய டவுனில் பெண்கள் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் டிரில் டீச்சர். சொந்த ஊர் மேல்பட்டாம்பாக்கம். சின்ன வயதில் நன்றாக ஓடுவாள். அந்த ஓட்டமே அவளைச் சென்னைக்கு உடற்பயிற்சி ஆசிரியர் படிப்புக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. புருஷன் தட்சிணாமூர்த்தி துறைமுக ஆபீஸில் குமாஸ்தா. வேலையில் சேர்ந்த இரண்டாம் வருஷமே, தலைமையாசிரியை சவரியம்மாள் அவள் தலையில் குடிமைப் பயிற்சியையும் கட்டிவிட்டார். வேறு யாரும் அதைத் தொடத் தயாராக இல்லை. சமூக சேவை, முகாம், முதலுதவி எல்லாம் அதில் அடக்கம். பதினோராவது முடித்து ஆசிரியப் பயிற்சிக்கு விண்ணப்பம் போடும் பெண்ணுக்கு இவை எல்லாம் முடிந்திருந்தால்தான் சவரியம்மாள் சிபாரிசுக் கையெழுத்துப் போடுவார். அதில் அவர் தாட்சண்யமே பார்த்ததில்லை.

வசதியுள்ள வீட்டுப் பெண்கள் செப்டம்பரிலேயே எல்லாவற்றையும் முடித்துவிட்டார்கள். மீதி நின்றவர்கள் மூன்று பேர். ஞானாம்பாளுக்கு அப்போது மஞ்சள்காமாலை. சின்னப்பிள்ளை மீன்காரர் குப்பத்துப் பெண். அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் தம்பி தங்கைகள் அவள் இடுப்பில்தான். ரசியாவுக்கோ பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கிற தெரு ஒன்றுதான் வெளியுலகம்.

சௌந்தரம் சட்டத்தை மீறவில்லை, வளைத்தாள். தெருப் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பதும் சமூக சேவைதானே என்று வாதாடி, ரசியாவின் வீட்டு முற்றத்திலேயே மத்தியான வகுப்பு ஒன்று நடத்த வைத்தாள். சின்னப்பிள்ளைக்குக் கட்டுப் போடும் பாடத்தைக் கடற்கரை மணலில் உட்கார்ந்தே எடுத்தாள். தம்பிப்பயலின் கை கால்களில்தான் அவள் பழகினாள். அவன் கத்திக்கொண்டே கட்டை அவிழ்த்துப் போடுவான், அவள் மறுபடியும் சுற்றுவாள்.

எதற்கும் வளையாமல் நின்றது முதலுதவிப் பரீட்சை ஒன்றுதான். அதைச் சிதம்பரத்தில் டாக்டர் தேவநாதன் நடத்துவார். இந்த முறை விட்டால் அடுத்தது வருஷப் பரீட்சைக்குப் பிறகுதான். அப்போது கையெழுத்து வாங்கி என்ன பிரயோசனம்?

அது அறுபத்தைந்தாம் வருஷம். குடியரசு நாளன்று ஊரெங்கும் கறுப்புக் கொடி. சாயந்திரம் வெளியே போய்விட்டு வந்த தட்சிணாமூர்த்தி சட்டையைக்கூடக் கழற்றாமல் சொன்னான்:

"நாளைக்குப் போவாத. இந்தி வேணாம்னு பசங்க எல்லா ஊர்லயும் தெருவுல எறங்கறானுங்களாம். சிதம்பரத்துல காலேஜ் பசங்க சும்மா இருப்பானுங்களா?"

"காலேஜ் ஒரு பக்கம், நாங்க போற எடம் ஒரு பக்கம். ஊர்வலம் போனா போவட்டும். நாங்க உள்ளதானே இருக்கப்போறோம்."

"அந்தப் பாய்கிட்ட வாக்கு குடுத்துட்டு வந்திருக்க."

"அதனாலதான் போறேன். இன்னைக்கு வேணாம்னு சொன்னா மறுபடியும் அவரு சரின்னு சொல்லுவாரா?"

அவன் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டான். பிறகு எத்தனையோ முறை அவள் அந்த இடத்தை நினைத்துப் பார்த்திருக்கிறாள். அவன் இன்னும் ஒரு வார்த்தை அழுத்திச் சொல்லியிருந்தால் நின்றிருப்பாளா? தெரியவில்லை.

மறுநாள் ரயில் நேரத்துக்கே போய்ச் சேர்ந்தது. சிதம்பரத்தில் கீழ வீதிக்குப் பின்னால் ஒரு பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தின் ஹால்தான் பரீட்சை இடம். வாட்ச்மேன் ஆண்டி பெஞ்சுகளைச் சுவரோரம் நகர்த்தி வைத்திருந்தார். டாக்டர் தேவநாதன் ஒல்லியான, சிடுசிடுப்பான மனிதர். வந்ததும் வராததுமாக ஞானாம்பாளைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். பாம்புக்கடி, தீக்காயம், தண்ணீரில் மூழ்கியவனுக்கு என்ன செய்வது. ஞானாம்பாள் மனப்பாடமாக ஒப்பித்தாள். அடுத்து சின்னப்பிள்ளை எழுந்து நின்றபோது, தூரத்தில் கடல் இரைவது போல ஒரு சத்தம் கேட்டது.

சிதம்பரத்தில் கடல் இல்லை. எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள்.

இரைச்சல் ஏறியது, தாழ்ந்தது, மறுபடி ஏறியது. கடைகளின் பலகைக் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடும் சத்தம். யாரோ ஒருவன் தெருவில் ஓடிக்கொண்டே கத்தினான்: "யூனிவர்சிடி பக்கம் சுட்டுட்டாங்க! சுட்டுட்டாங்க!"

ஆண்டி ஓடிப்போய் கேட்டைச் சாத்திப் பூட்டினார். சௌந்தரம் மூன்று பெண்களையும் ஜன்னலை விட்டு இழுத்துச் சுவரோரம் உட்கார வைத்தாள். நோன்பு திறக்கும் நேரத்துக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது, ரயில் ஓடுமா, ஓடாவிட்டால் பஸ், பஸ்ஸும் நின்றுவிட்டால்? அவள் மனசு அதைத்தான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

அப்போது கேட்டை யாரோ தட்டினார்கள். தட்டவில்லை, மோதினார்கள்.

"ஐயா, தொறங்க! அடிபட்டிருக்கு! ஐயா!"

ஆண்டி பூட்டின் மேல் கையை வைத்துக்கொண்டே திரும்பிப் பார்த்தார். "தொறக்கவேணாம்மா. பின்னாடியே போலீஸ் வரும். பொம்பளப் புள்ளைங்கள வெச்சிருக்கீங்க."

சௌந்தரம் கேட்டின் இடுக்கு வழியாகப் பார்த்தாள். மூன்று பையன்கள். ஒருவன் தலையிலிருந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியிருந்தது. இன்னொருவன் ஒரு கையை மறு கையால் தாங்கிக்கொண்டிருந்தான், முன்னங்கை கோணலாகத் தொங்கியது. மூன்றாமவன் தலையில் அடிபட்டவனைத் தோளில் தாங்கியிருந்தான்.

"வேற எடம் பாருங்கப்பா" என்றாள் சௌந்தரம். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "இங்க சின்னப் பொண்ணுங்க இருக்காங்க. போயிடுங்க."

"எங்கக்கா போறது? ஆஸ்பத்திரி வழியெல்லாம் போலீஸ்."

அவள் திரும்பினாள். ஹால் வாசற்படியில் சின்னப்பிள்ளை நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் ரசியா, ஞானாம்பாள். உட்காரச் சொன்னது யாருக்கும் நினைவில்லை போலிருந்தது.

"கை ஒடஞ்சிருக்குது டீச்சர்" என்றாள் சின்னப்பிள்ளை. குற்றம் சாட்டும் குரல் இல்லை. கண்ணில் பட்டதைச் சொன்னாள், அவ்வளவுதான்.

சௌந்தரம் டாக்டரைப் பார்த்தாள். அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டிருந்தார். "நீங்க தொறந்தா நான் பாக்குறேன். தொறக்கலேன்னாலும் உங்களக் குத்தம் சொல்லமாட்டேன். பொண்ணுங்க உங்க பொறுப்பு."

அந்த வார்த்தை அவளைச் சுருக்கென்று குத்தியது. ஆண்டியிடம் போய்ச் சாவியை வாங்கி அவளே பூட்டைத் திறந்தாள். ஆண்டியின் கை அந்தப் பூட்டைத் திறந்ததாக இருக்க வேண்டாம் என்று நினைத்தாள்.

அடுத்த கொஞ்ச நேரம் அவளுக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம் இருக்கிறது. பரீட்சைக்குக் கொண்டுவந்த துணிகள், டிங்சர், பஞ்சு எல்லாம் மேஜை மேல் பரந்து கிடந்தன. மூங்கில் பட்டைகளை எடுத்துச் சின்னப்பிள்ளை ஒடிந்த கைக்குச் சிம்பு வைத்தாள். தம்பியை அதட்டுகிற குரலில், "ஆட்டாத! ஆட்டாதன்னா கேளு!" என்று காலேஜ் பையனை அதட்டினாள். ஞானாம்பாள் ஒப்பித்ததெல்லாம் மறந்துபோய், தண்ணீர்ச் செம்போடு ஒதுங்கி நின்றாள்.

தலையில் அடிபட்டவனை டாக்டர் பெஞ்சில் கிடத்தினார். "இங்க அழுத்திப் பிடிக்க ஒரு கை வேணும். விடவே கூடாது."

ரசியா முன்னே வந்தாள். ஒரு விநாடி சௌந்தரத்தைப் பார்த்தாள். மாமா வீட்டு ஆண்களைத் தவிர வேறொரு ஆணின் விரலைக்கூட அந்தப் பெண் தொட்டதில்லை. சௌந்தரம் தலையை அசைக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. ரசியா முழங்காலிட்டு, மடித்த துணியை அவன் நெற்றியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்தினாள். ரத்தம் அவள் விரலிடுக்கில் கசிந்து தாவணியில் சொட்டியது.

"எங்கம்மாவுக்குச் சொல்லிடாதீங்க" என்று முனகினான் அவன். "சேத்தியாத்தோப்புல இருக்காங்க. பயந்துடுவாங்க."

"பேசாதீங்க" என்றாள் ரசியா. "பேசினா ரத்தம் ஜாஸ்தி வரும்."

மறுபடி கேட் தட்டும் சத்தம். இந்த முறை தடியால்.

சௌந்தரம் போய்த் திறந்தாள். ஒரு சப்-இன்ஸ்பெக்டர், பின்னால் இரண்டு கான்ஸ்டபிள்கள். அவர் முகம் வேர்வையிலும் புழுதியிலும் கறுத்திருந்தது.

"உள்ள பசங்க வந்தானுங்களா?"

"இங்க பரீட்சை நடக்குது சார்." அவள் வாசலை மறைத்து நின்றாள். "முதலுதவிப் பரீட்சை. கடலூர்லேர்ந்து பொண்ணுங்கள அழைச்சிட்டு வந்திருக்கேன்."

அவர் அவளை ஒதுக்கிவிட்டு ஹால் வாசல் வரை வந்தார். டாக்டர் தலையைத் தூக்கவேயில்லை. வழக்கமான சிடுசிடுப்போடு கேட்டார்: "சின்னப்பிள்ளை, சிம்பு வெச்சா முழங்கையையும் மணிக்கட்டையும் ஆடாம கட்டணுமா, வேணாமா? சொல்லு."

"கட்டணும் சார்."

"அப்ப ஏன் மணிக்கட்டு ஆடுது? அவுத்துத் திரும்பக் கட்டு."

சப்-இன்ஸ்பெக்டர் தரையைப் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார், ரசியாவின் கையைப் பார்த்தார். "நோயாளியெல்லாம் யாரு?"

"பரீட்சைக்கு ஆளு வேணுமில்ல சார்" என்றாள் சௌந்தரம்.

அவர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். "ரத்தம் அசல் மாதிரியே இருக்குதும்மா" என்றார். சொல்லிவிட்டு நின்றார். பெஞ்சில் கிடந்தவனின் மூச்சு மட்டும் கேட்டது.

"சரி. பரீட்சை நடக்கட்டும். தெரு அடங்கற வரைக்கும் ஒருத்தரும் வெளிய தலை காட்டக்கூடாது." போகும்போது கேட்டை அவரே இழுத்துச் சாத்திவிட்டுப் போனார்.

தெரு அடங்கியதும் டாக்டர் தலையில் அடிபட்டவனைத் தன் காரில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மற்ற இரண்டு பேரும் கொல்லைப்புற வழியாகப் போனார்கள். அந்த முகங்களை அவள் அதன்பிறகு பார்க்கவில்லை.

ரயில் இல்லை, பஸ் இல்லை. ஆண்டி விசாரித்துவிட்டு வந்து கையை விரித்தார். அப்போது ரசியா மெதுவாகச் சொன்னாள்: "பரங்கிப்பேட்டையில எங்க பெரியம்மா இருக்காங்க டீச்சர். மெகருன்னிசான்னு. அங்க போயிட்டா மாமா ஒண்ணும் சொல்லமாட்டாரு."

அதைச் சொல்லும்போது அவள் உதடு காய்ந்து வெடித்திருந்தது. சௌந்தரம் தண்ணீர் நீட்டினாள். அவள் தலையசைத்து மறுத்துவிட்டாள்.

ஆண்டியின் மச்சான் மாட்டுவண்டி வைத்திருந்தான். வைக்கோல் பரப்பி நாலு பேரையும் ஏற்றிக்கொண்டான். புவனகிரிப் பாலத்தில் ஒரு முறை நிறுத்திக் கேள்வி கேட்டார்கள். பெண்பிள்ளைகளைப் பார்த்து விட்டுவிட்டார்கள். வழியில் ஒரு இடத்தில் டயர் எரிந்து கொண்டிருந்தது. மாடு மிரண்டு பின்வாங்கியபோது ஞானாம்பாள் அழ ஆரம்பித்து, நெடுநேரம் நிறுத்தவில்லை. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ஓ.டி.யில் இந்நேரம் பாய் வாசலில் நின்றிருப்பார். அவருக்குச் சேதி சொல்ல ஒரு வழியும் இல்லை.

பு.முட்லூரை வண்டி நெருங்கும்போது பாங்குச் சத்தம் கேட்டது. ரசியா நிமிர்ந்து உட்கார்ந்தாள். வண்டிக்காரன் பள்ளிவாசல் எதிரே வண்டியை நிறுத்தி, "கஞ்சி ஊத்துவாங்க, வாங்கியாறேன்" என்று செம்போடு இறங்கினான்.

திரும்பி வந்தது அவன் மட்டுமில்லை. பின்னால் நூர்முகம்மது பாய் வந்தார். சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது, வேட்டியெல்லாம் சைக்கிள் சங்கிலியின் மசி. சிதம்பரத்தில் சுட்ட சேதி கேட்ட மாத்திரத்தில் சைக்கிளை எடுத்துக் கிளம்பியவர், நோன்போடு அவ்வளவு தூரம் மிதித்து, பாங்கு கேட்டுப் பள்ளிவாசலில் இறங்கியிருக்கிறார். வண்டிக்காரன் பேச்சுவாக்கில் கடலூர்ப் பெண்பிள்ளைகள் என்று சொல்லியிருக்கிறான்.

பாய் கஞ்சிக் கிண்ணத்தை ரசியாவிடம் நீட்டினார். அவள் இரண்டு வாய் குடிக்கும்வரை நின்று பார்த்தார். அப்புறம்தான் அவர் கண் தாவணிக்குப் போனது.

"என்ன ரத்தம் இது?"

ரசியா கிண்ணத்தோடு உறைந்துபோனாள். பரீட்சைக்கு வைத்திருந்த சிவப்பு மை என்று ஒரு பொய் சௌந்தரத்தின் வாய் வரை வந்தது. போலீஸிடம் வந்த வேகத்தில் இவரிடம் வரவில்லை.

"அடிபட்ட பையன் ஒருத்தன் பாய். கேட்டத் தொறந்து உள்ள விட்டது நான். இவ அவன் தலையில துணிய வெச்சு அழுத்திப் பிடிச்சா. நான் தடுக்கல."

வண்டி மாடு தலையை ஆட்டியது, மணி கிணுகிணுத்தது.

"அந்தப் பையன் பொழச்சானா?"

"தெரியல பாய். டாக்டர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்காரு."

"யா அல்லாஹ்." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு அவளை நேராகப் பார்த்தார். "நோன்பு தொறக்கறதுக்குள்ள வாசல்ல கொண்டாந்து விடுறேன்னு சொன்னீங்க டீச்சரம்மா. இனிமே இந்தப் புள்ள வெளியூர் வராது."

"சரி பாய்" என்றாள் சௌந்தரம். அதில் பேச அவளுக்கு இடமில்லை.

பரங்கிப்பேட்டை வரை அவர் வண்டிக்குப் பின்னாலேயே சைக்கிளில் வந்தார். மெகருன்னிசா எல்லோருக்கும் சோறு போட்டாள். ரசியாவின் தாவணியைத் தானே வாங்கிப்போய்த் துவைத்துக் கொடியில் போட்டாள்.

பள்ளிக்கூடங்கள் பல வாரம் கழித்துத்தான் ஒழுங்காக நடந்தன. சௌந்தரத்துக்கு ஒரு மெமோ காத்திருந்தது. கலவர நாளில் மாணவிகளை வெளியூர் அழைத்துச் சென்றதற்கு விளக்கம் கேட்டிருந்தார் சவரியம்மாள். 'தவறுதான்' என்று மட்டும் எழுதிக் கொடுத்தாள். சவரியம்மாள் அதைப் படித்துவிட்டு, "கேட்டத் தொறந்தது பத்தி நான் கேக்கல. அத நீ எழுதவும் வேணாம்" என்று சொல்லி மடித்து வைத்துக்கொண்டார்.

ஞானாம்பாள் பாஸாகியிருந்தாள். சின்னப்பிள்ளையும் ரசியாவும் இன்னும் பரீட்சை முடிக்காதவர்கள்தான். சௌந்தரம் மறுபடி சிதம்பரம் போனாள்.

"நான் எப்படி மார்க் போடறது?" என்று எரிந்து விழுந்தார் டாக்டர் தேவநாதன். "நோயாளி யாருன்னு எழுதணும், என்ன காயம்னு எழுதணும். எழுதினா அந்தப் பசங்க மாட்டிக்குவானுங்க. பொண்ணுங்களத் திரும்பக் கூட்டிட்டு வாங்க."

"ஒருத்தி வரமாட்டா சார். அவ மாமாகிட்ட நான் திரும்பக் கேக்க முடியாது."

டாக்டர் முணுமுணுத்தார். கடைசியில், தானே ஒரு ஞாயிற்றுக்கிழமை கடலூருக்கு வருவதாக ஒப்புக்கொண்டார். அவள் எழுந்தபோது, "அந்தச் சேத்தியாத்தோப்புப் பையன் பொழச்சிட்டான். ஒரு கண்ணு மட்டும் சரியா தெரியல" என்றார்.

சௌந்தரம் ஸ்டேஷனிலிருந்து நேராகப் பாயின் கடைக்குப் போய் அதைச் சொன்னாள். பாய் தராசுத் தட்டைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டார். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். கொஞ்சம் கழித்து, "பரீட்சை நம்ம ஊர்லதானே? அனுப்புறேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ரசியா வந்தாள். சின்னப்பிள்ளை வரவில்லை. தம்பிக்கு அம்மை போட்டிருந்தது. வீட்டு வேப்பிலையைத் தாண்டி அவள் வெளியே வர முடியாது. சௌந்தரம் டாக்டரைக் குதிரைவண்டியில் ஏற்றிக் குப்பத்துக்கே அழைத்துப்போனாள். மணலில் நின்று தூரத்திலிருந்தே அவர் கேள்வி கேட்க, சின்னப்பிள்ளை குடிசை வாசலில் நின்று பதில் கத்தினாள். கட்டுப் போடும் பாகத்துக்கு டாக்டர் கேள்வியே கேட்கவில்லை. "அத நான் பாத்துட்டேன்" என்றார்.

அந்த வருஷம் சின்னப்பிள்ளைக்குப் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்தது. முதலில் பாஸான ஞானாம்பாள் வருஷப் பரீட்சையில் கணக்கில் போய்விட்டாள். ரசியா நல்ல மார்க் வாங்கியும் அந்த ஜூனில் எங்கும் சேரவில்லை. அடுத்த வருஷம் மெகருன்னிசா ஓ.டி.க்கு வந்து தன் தம்பி நூர்முகம்மது பாயோடு இரண்டு நாள் சண்டை போட்ட பிறகுதான் சேர்ந்தாள். அந்தச் சண்டைக்குச் சௌந்தரம் போகவில்லை. கூப்பிட்டார்கள். "அது உங்க குடும்ப விஷயம் பெரியம்மா" என்று சொல்லிவிட்டாள்.

குடிமைப் பயிற்சியை வேறு யாரிடமாவது கொடுத்துவிடச் சொல்லித் தட்சிணாமூர்த்தி பலமுறை சொன்னான். அவளும் ஒருமுறை சவரியம்மாளிடம் கேட்டுப் பார்த்தாள். "யாருகிட்ட குடுக்கட்டும், நீயே சொல்லு" என்றார் அவர். சௌந்தரத்துக்கு ஒரு பெயரும் தோன்றவில்லை. ஜூலையில் புதிய பதினோராம் வகுப்பில் முகாமுக்கு வரமுடியாதவர்கள் ஏழு பேர் இருந்தார்கள். அதில் ஒருத்தியின் வீடு குடிகாடு கிராமத்தில், தோட்டத்துக்கு நடுவே இருந்தது. நாயைக் கட்டச் சொல்லி வேலிக்கு வெளியே நின்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள் சௌந்தரம் டீச்சர்.